பழைய வேல், ஈட்டி, தண்டம்: வாங்கியது என்னவென்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பழைய இரும்புக் கடையிலோ சந்தையிலோ, நீளக் கம்பின் முனையில் இலை மாதிரி ஒரு தகடு மாட்டியிருப்பதைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "இது எத்தனை வருடப் பழசு?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இது என்ன, எதற்குச் செய்தது என்று தெரியாமல் வயதைத் தேடினால் விற்றவர் சொன்ன கதையைத்தான் நாமும் திருப்பிச் சொல்வோம்.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு "ஜமீன் ஈட்டி" வாங்கினேன். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு வயதான கொல்லரிடம் காட்டினால், மனிதர் முனையைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி, கம்பு நுழையும் இடத்தில் விரலை விட்டுத் தடவினார். "முனைய எவன் வேணா தீட்டுவான் தம்பி, கழுத்தப் பாரு" என்றார். உள்ளே மரை போட்ட ஓட்டை. ஏதோ பங்களா கேட்டின் மேல் இருந்த அலங்கார முனை அது.

அதற்கப்புறம் நண்பர்கள் வாங்கிவந்ததையும் சேர்த்துப் பல சாமான்களைப் பார்த்தாகிவிட்டது. கீழே உள்ள வரிசை அந்த அனுபவத்தில் வந்தது. வரிசையை மாற்றாதீர்கள். பின்னால் வரும் வேலைகள் சில, முன்னால் பார்க்க வேண்டிய தடயத்தை அழித்துவிடும்.

1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

சின்னதாக ஒரு வலுவான காந்தம், அளவு நாடா, கிராம் காட்டும் தொங்கு தராசு, டார்ச், பூதக்கண்ணாடி, வெள்ளைப் பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட், மெல்லிய தாள், பென்சில், தடிமனான கையுறை. துருப்பிடித்த முனை கையைக் கிழித்தால் ஊசி போட ஓட வேண்டும், அதனால் கையுறையை விடாதீர்கள். ஃபோன் கேமரா எப்படியும் கையில் இருக்கும்.

2. பணம் கொடுக்கும் முன்

முதலில் இது கோயில் சொத்தா என்று பாருங்கள். அடியில் சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா? தண்டு புதிதாக அறுபட்டுப் பளபளக்கிறதா? கோயில் பெயர் இருந்த இடத்தைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்திருக்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் வேடியப்பன், முனியப்பன் கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்ட வேலும் சூலமும் வெட்டவெளியில்தான் நிற்கின்றன. ராத்திரியில் பிடுங்கிப்போக ஒரு ஆள் போதும். "கோயில் ஏலத்தில் எடுத்தது" என்றால் ரசீதைக் கேளுங்கள். ஏலம் நடந்திருந்தால் ரசீது இருக்கும்.

அடுத்தது சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நிலத்தில் புதைந்து கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். "ஏர் ஓட்டும்போது கிடைச்சதுண்ணா" என்று மண்ணோடு ஒரு இரும்பு முனையை நீட்டினால் கை வைக்காமல் இருப்பதே நல்லது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கால மாதிரிகளின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் கிடைக்கும் துருக்கட்டி எதுவாகவும் இருக்கலாம், அதைத் தோண்டி எடுத்ததே பாதி நாசம்.

ஆயுத விதிகளில் ஈட்டி பெயர் சொல்லியே வருகிறது. முனைத் தகடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் கூர் ஆயுத வகை. அதனால் கூரான ஈட்டியைச் சாக்கில் சுற்றி, பில்லோடு எடுத்துவாருங்கள். பஸ்ஸில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்!

மான் கொம்பு, தந்தம் பதித்த கோல் என்றால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். வனவிலங்குச் சட்டத்தில் "பழசு" என்ற சமாதானம் செல்லாது. செம்மரம், சந்தனம் என்று சொல்லி விற்கும் கோலுக்கும் காகிதம் கேளுங்கள்.

3. தேய்க்காதீர்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். வந்த அன்றே புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். பித்தளையின் பள்ளங்களில் பச்சைக் களிம்பு எங்கே தங்கியிருக்கிறது, குங்குமமும் சந்தனமும் எந்த இடத்தில் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சாமானின் வாழ்க்கைக் குறிப்பு. அது தண்ணீரோடு போய்விடும்.

பித்தளை வேல் ஒன்றை நானே இப்படிக் கெடுத்தேன். தேய்த்த பிறகு பார்த்தால், நடுப்பொட்டு இருந்த இடத்தில் மட்டும் உலோகம் வேறு நிறமாக இருந்தது. வருடக்கணக்காகக் குங்குமம் வைத்த இடம். அது பூசையில் இருந்த வேல் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியில் பாதியை நான் சாக்கடையில் விட்டிருந்தேன்.

இந்தக் கட்டத்தில் காய்ந்த பெயிண்ட் பிரஷ் வைத்துத் தூசி தட்டினால் போதும். பிறகு பகல் வெளிச்சத்தில் முன், பின், பக்கவாட்டு, கழுத்து, அடி என்று படம் எடுங்கள், பக்கத்தில் அளவு நாடா இருக்கட்டும்.

4. கழுத்தைப் பாருங்கள்

முனையும் கம்பும் சேரும் இடத்தைத்தான் கழுத்து என்கிறேன். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. முனையின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். கழுத்தை மட்டும் செய்கிறவன் தன் கைப்பழக்கப்படிதான் செய்வான், அதோடு வாங்குகிறவர் அங்கே பார்ப்பதில்லை என்பதால் யாரும் ஏமாற்ற மெனக்கெடுவதும் இல்லை.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

குழல் (கம்பு நுழையும் குழாய்) வாய்ப்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகியும் இருந்தால், தகட்டைச் சூடாக்கி மடித்த கொல்லர் வேலை. மடிப்பின் இரண்டு ஓரமும் சேரும் கோடு வெளியே தெரியும், பல நேரம் கொஞ்சம் திறந்தே இருக்கும். குழல் கூம்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கம்பு தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் தட்டி இறக்கினால் மறுபடி இறுகிக்கொள்ளும்.

குழல் முழுக்க ஒரே விட்டத்தில் இருந்தால் கடையில் வாங்கிய பைப். உள்சுவரில் நேராக ஒரு வெல்டிங் கோடு ஓடும். கழுத்தைச் சுற்றிப் புழு மாதிரி நெளிந்த வெல்டிங் தடம், பக்கத்தில் கடுகு மாதிரி தெறித்த பொட்டுகள் இருந்தால் கரண்ட் வெல்டிங். அது பழசுமேல் செய்த ரிப்பேராகவும் இருக்கலாம். ஆகவே வெல்டிங்கைப் பார்த்ததும் தூக்கிப் போடாதீர்கள், வெல்டிங்குக்கு மேலும் கீழும் துரு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

குழலே இல்லாமல், முனையின் வால் கம்புக்குள் இறங்கியிருந்தால் கம்பின் வாயில் ஒரு பூண் இருக்கும். வால் உள்ளே போகும்போது மரம் பிளக்காமல் பிடிப்பது அதுதான். இடைவெளியில் கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ கண்ணாடி மாதிரி ஒரு பொருள் தெரிந்தால் அரக்கு. பாலாடை நிறத்தில் ரப்பர் போல இருந்தால் இந்தக் காலத்துப் பசை. அரக்கை உருக்கி முனையைக் கழற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். மறுபடி அப்படிப் பொருத்த நமக்கு வராது.

மரை போட்ட ஓட்டை, போல்ட், அடியில் தட்டையான கட்டி, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் ஓடும் வார்ப்புத் தழும்பு என்றால் கேட், வேலி, கொடிக்கம்பம். நம் ஊர்களில் ஈட்டி என்று சொல்லி விற்பதில் இந்தச் சாமான் நிறைய.

இன்னொன்று, ஆழம். வேட்டைக்கோ சண்டைக்கோ செய்ததன் குழல் ஆழமாக இருக்கும், குறுக்கே ஆணி அடிக்கத் துளை இருக்கும், குத்தி இழுக்கும்போது முனை கழன்று வரக்கூடாது அல்லவா. பூசைக்கும் ஊர்வலத்துக்கும் செய்ததை யாரும் இழுப்பதில்லை. அதன் குழல் ஆழம் குறைவாக, வெளியே வளையம் வளையமாக அலங்காரத்தோடு இருக்கும்.

5. உலோகம் எது?

காந்தம் வையுங்கள். பித்தளை, செம்பு, வெள்ளி, அலுமினியம் எதிலும் ஒட்டாது. மஞ்சளாக இருந்தும் ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம். முனையில் மட்டுமல்ல, குழலிலும் பூணிலும் தனித்தனியாக வையுங்கள். பித்தளை இலைக்கு இரும்புக் குழல் வைத்தவை உண்டு.

முனை தனியாகக் கழன்று வந்தால் எடைச் சோதனை செய்யலாம். தொங்கு தராசில் நூல் கட்டி எடை பாருங்கள். பிறகு அப்படியே ஒரு வாளித் தண்ணீரில், அடியைத் தொடாமல் முழுக்க முக்கி எடை பாருங்கள். என்னிடம் உள்ள ஒரு வேல் காற்றில் 1,290 கிராம், தண்ணீரில் 1,140. வித்தியாசம் 150. 1,290-ஐ 150-ஆல் வகுத்தால் 8.6, பித்தளை. இரும்பு 7.8 பக்கம் வரும், செம்பு 8.9, வெள்ளி 10.5, அலுமினியம் 2.7. குழலுக்குள் காற்றுக் குமிழ் நின்றால் கணக்கு தப்பிவிடும், தண்ணீருக்குள் சாய்த்து வெளியேற்றுங்கள். உள்ளே அரக்கோ மண்ணோ அடைத்த முனைக்கு இந்தச் சோதனை உதவாது.

"பஞ்சலோகம்" என்று சொல்லாத வியாபாரி கிடையாது. கண்ணால் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. நகைத் தரம் பார்க்கும் கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியில் வைத்தால் கலவை தெரியும். ஆனால் அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும், முலாம் இருந்தால் முலாமைத்தான் சொல்லும். ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளி துளிகூடக் கிடையாது, அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

இரும்பில் துருவின் குணத்தைப் பாருங்கள். நாள்பட்ட துரு கரும்பழுப்பாக இறுகி, கை படும் இடத்தில் மழமழவென்று இருக்கும். ஆசிட்டோ உப்போ போட்டு வரவழைத்தது ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டும், எல்லா இடத்திலும் ஒரே அளவு குழி விழுந்திருக்கும். நிஜத் துரு அப்படிச் சமமாக வராது. கம்பு மூடியிருந்த இடத்தில் ஒரு மாதிரி, மழை பட்ட இடத்தில் ஒரு மாதிரி.

6. இப்போது முனை

வடிவத்துக்கு இப்போதுதான் வருகிறோம். ஓரத்தையும் தடிமனையும் சேர்த்தே பாருங்கள்.

வேல்: அடியில் அகன்று மேலே கூம்பும் இலை. பெரும்பாலும் தட்டை, ஓரம் மழுங்கல், சிலதில் விபூதிப் பட்டையும் பொட்டும் செதுக்கியிருக்கும். பூசைக்கு வைத்த வேலின் ஓரத்தை யாரும் தீட்டுவதில்லை. ஓரம் பளபளவென்று கூராக இருந்தால் விற்றவர் கிரைண்டர் போட்டிருக்கிறார்.

ஈட்டி: இலை ஒடுக்கம், நடுவில் முதுகெலும்பு போல மேடு, நுனிக்கு அருகிலும் தடிமன் குறையாது. எலும்பில் பட்டால் வளையக்கூடாது என்பதற்காக. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அடியிலிருந்து நுனி வரை தடவினால் தடிமன் மாறுவது தெரியும். ஒரே தடிமன் என்றால் தகட்டில் வெட்டியது.

சூலம்: மூன்று முனையும் ஒரே கம்பியிலிருந்து பிளந்து வளைத்ததா, தனித்தனியாக ஒட்டியதா என்று பாருங்கள். எலுமிச்சம்பழம் குத்திய சூலத்தில் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடைக்கு இரும்பு கறுத்து அரித்திருக்கும், புளிப்பின் வேலை. நடுவில் சுவாமி உருவம் வைத்து வார்த்திருந்தால் அது சிவன் கோயில் அஸ்திரதேவராக இருக்கலாம். தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மூர்த்தி அது, வீட்டில் இருக்க வேண்டியதல்ல. இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

பஞ்சா: ஐந்து விரல் விரித்த கை மாதிரித் தகடு, அடியில் குழல். மொகரத்துக்குக் கம்பில் ஏற்றி எடுத்துப்போவது. சிலதில் விரல்கள் தேய்ந்து இலை போலவோ சூலம் போலவோ தெரியும். இதை "ஐந்து முனைச் சூலம்" என்று பூசையறையில் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். விஷயம் தெரிந்த பிறகும் அவர் எடுக்கவில்லை, அது அவர் இஷ்டம்.

அலகு: விரல் தடிமனுக்கும் குறைவான கம்பி, ஒரு முனையில் குட்டி வேல், மறுமுனை ஊசி. நாக்கிலும் கன்னத்திலும் குத்துவது. வாங்கியதை மறுபடி உடம்பில் குத்தப் பயன்படுத்தவே கூடாது.

இன்னும் சில ஏமாற்றங்கள்: அரிசி மூட்டையில் மாதிரி எடுக்கும் குத்தூசி, மாட்டை ஓட்டும் தார்க்குச்சி, தேங்காய் உரிக்கும் பாரை. அப்புறம் தெருக்கூத்து ஆயுதங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் கூத்து உயிரோடு இருப்பதால் இவை அடிக்கடி வெளியே வரும். மரமும் தகரமும் ஜிகினா ஒட்டிய தடமும் இருக்கும், தூக்கினால் எடையே இருக்காது. சும்மா சொல்லக்கூடாது, சிலது நிஜ ஈட்டியைவிட அழகு.

7. கம்பு

கம்பை வைத்து முனையின் வயதைச் சொல்லாதீர்கள். முனை மூன்று தலைமுறை நிற்கும், கம்பு செல்லரித்தால் மாற்றிவிடுவார்கள். கம்பு சொல்வது, கடைசியாக எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும்.

ஒரு வார்த்தைக் குழப்பம். தோதகத்தி மரத்துக்கு ஈட்டி என்றும் பெயர். "ஈட்டிக் கம்பு இருக்கு, வர்றீங்களாண்ணா?" என்று ஃபோன் வந்து, தேன்கனிக்கோட்டை வரை பைக்கில் போனேன். அங்கே கதவு ஓரம் சாத்தியிருந்தது அருமையான தோதகத்தி ஊன்றுகோல். முனையும் கிடையாது ஒன்றும் கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

இப்போது கருங்காலி மோகம் வேறு. சாயம் ஏற்றிய மரத்தைக் கருங்காலிக் கோல் என்கிறார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் சாயம் அல்லது பாலிஷ். கருங்காலி தண்ணீரில் மூழ்கும். ஆனால் மூழ்குவதெல்லாம் கருங்காலி இல்லை, இன்னும் சில வைர மரங்களும் மூழ்கும்.

கடைசியாக அடியைப் பாருங்கள். ஊன்றி நடந்த கோலின் அடிப்பூண் ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்திருக்கும், ஏனென்றால் யாரும் கோலைச் செங்குத்தாக ஊன்றி நடப்பதில்லை. தூக்கிப் பிடித்துப் போன தடியில் அந்தச் சாய்வு வராது. கை பிடித்த இடம் எங்கே மெருகேறியிருக்கிறது என்பதையும் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோலில் அது இடுப்பு, மார்பு உயரத்தில் இருக்கும்.

8. முனை இல்லாத கோல்கள்

சந்நியாசி தண்டம் மூங்கில். ஒற்றையாக இருந்தால் ஏகதண்டம், மூன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தால் வைணவத் துறவிகளின் திரிதண்டம். வேலைப்பாடு செய்து வார்னிஷ் அடித்த மரக்கோலைச் சந்நியாசி தண்டம் என்றால் நம்பாதீர்கள். பூணூல் கல்யாணத்தில் பிரம்மச்சாரிக்குக் கொடுக்கும் புரசங்கோல் மெலிதாக, பட்டையோடு இருக்கும்.

யோக தண்டம் குட்டையானது, தலையில் கை வைக்க வளைவோ குறுக்குக் கட்டையோ இருக்கும். உட்கார்ந்தபடி கையைத் தாங்கிக்கொள்வதற்கு. இதில் தேய்மானம் தலையில்தான், அடியில் இல்லை. ஊன்றுகோல் உடைந்து குட்டையானதை இப்படி விற்கிறார்கள், அடியை அறுத்த இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டியம் சொல்பவர் பிடிக்கும் வெள்ளித் தடி உள்ளே மரம், மேலே தகடு. தகட்டின் சேர்க்கை நீளவாக்கில் ஓடும், சின்னச் சின்ன ஆணி வரிசையாக இருக்கும். வரிசை முழுக்க ஒரே மாதிரி ஆணி இல்லையென்றால் தகடு ஒரு முறையாவது பிரிக்கப்பட்டிருக்கிறது.

ஓசூர்ப் பக்கம் தாசர்கள் சங்கு, சேகண்டியோடு எடுத்துவரும் கருடகம்பமும் சில நேரம் கோல் என்று வரும். தலையில் எண்ணெய்க் குழியும் கரியும் இருந்தால் அது விளக்கு.

9. எழுத்து இருந்தால்

ஆணியால் தோண்டாதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் எழும்பும். தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துச் சாமானில் கன்னடமோ தெலுங்கோ இருக்கலாம். படிக்க முடியவில்லை என்பதால் "பழந்தமிழ்" என்று முடிவு கட்டாதீர்கள்.

லை, னை, ளை, ணை ஆகிய எழுத்துகள் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி இல்லை, பழக்கம் விடாத பொறிப்பாளர்கள் பிறகும் அப்படியே எழுதினார்கள். புதிய வடிவம் இருந்தால் மட்டும், 1978-க்குப் பிந்தையது என்பது கிட்டத்தட்ட உறுதி.

தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்பும். "ஜய வருஷம்" என்றால் 1954-55 ஆகவும் இருக்கலாம், 2014-15 ஆகவும் இருக்கலாம். மற்ற தடயங்களோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்றால் 590 கூட்டுங்கள்: பசலி 1360 என்பது 1950-51. சக ஆண்டுக்கு 78 கூட்டுங்கள். நூறு வருடப் பழசு என்று என்னிடம் வேல் ஒன்றைக் காட்டினார்கள், தாளில் தேய்த்துப் பார்த்தால் "உபயம்" என்பதற்குக் கீழே பத்து இலக்க மொபைல் எண்.

10. இனி வயது, அப்புறம் பராமரிப்பு

இதுவரை குறித்ததை ஒரே தாளில் வையுங்கள். கழுத்து ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால் கழுத்தை நம்புங்கள், எழுத்தைப் பிறகு எவரும் வெட்டலாம். வருடம் சொல்லாமல் "கொல்லர் மடித்த குழல், கம்பு பிறகு மாற்றியது, 1978-க்கு முந்தைய எழுத்து" என்று எழுதினாலே போதும். சந்தேகம் தீரவில்லை என்றால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு அருங்காட்சியகத்தில் படங்களோடு போய்க் கேளுங்கள். சாமானைத் தோளில் சாய்த்துக்கொண்டு போக வேண்டாம்.

இரும்புக்குத் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். பித்தளையைத் துடைத்தால் போதும். பூசைக்கு வைப்பதென்றால் உங்கள் வீட்டு வழக்கப்படி செய்துகொள்ளுங்கள், ஆனால் குங்குமம் வைக்கும் முன் கழுத்தை ஒரு முறை படம் எடுத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, விற்றவர் சொன்னது என்ன, நீங்கள் பார்த்தது என்ன என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கம்பில் நூலால் கட்டுங்கள். விற்றவர் சொன்னதும் நீங்கள் பார்த்ததும் தனித்தனி வரியில் இருக்கட்டும். பசை போட்டு ஒட்ட வேண்டாம்.